எழுத்தாளர் சென்ற மறுநாள்

எழுத்தாளர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்குப் படைப்பெழுத்துப் பட்டறை நடத்தும் வழக்கம் இன்று பல பள்ளிகளில் உண்டு. தில்லி, மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் இந்தி எழுத்தாளர்களும் ஆங்கில எழுத்தாளர்களும் இவ்வாறு வந்து செல்கின்றனர். தமிழ் எழுத்தாளர் வருவது அரிது. தமிழை விருப்பப் பாடமாக எடுத்தவர்கள் வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பேரே இருக்கும் பள்ளிக்கு, அவ்வளவு தொலைவிலிருந்து ஒருவரை அழைப்பது வீண் செலவு என்று நிர்வாகத்தினர் எண்ணுவதில் வியப்பில்லை. ஆயினும் அவருடைய வருகை மற்ற எவரையும்விட அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்கே மிகுதியாகத் தேவைப்படுகிறது. வழக்கமான முறையில் அவர் வந்து சென்றால், அவர்களுக்கு விளையும் பயன் மிகச் சிறிது என்பதும் உண்மை.

வழக்கமான முறை யாவரும் அறிந்ததே. குத்துவிளக்கு ஏற்றப்படும். பொன்னாடை போர்த்தப்படும். வரவேற்புரை, அறிமுகவுரை, தலைமையுரை எல்லாம் முடியும்போது நண்பகல் நெருங்கிவிடும். எழுத்தாளர் தம் இளமைக் காலத்தைப் பற்றியும், முதற்கதை அச்சான நாளைப் பற்றியும் சுவையாகப் பேசுவார். மாணவர் இருவர் எழுந்து, முன்கூட்டியே எழுதிக் கொடுக்கப்பட்ட வினாக்களைக் கேட்பர். எஞ்சிய இருபது நிமிடத்தில் ‘மரம்’ என்றோ ‘தாய்’ என்றோ ஒரு தலைப்புத் தரப்படும். தாள்கள் நிரம்பும், சான்றிதழ் வழங்கப்படும், குழுவாக ஒளிப்படம் எடுக்கப்படும். மாலை வண்டிக்கு எழுத்தாளர் புறப்பட்டுவிடுவார். மாணவர் எழுதிய தாள்களை அவர் படித்திருக்கமாட்டார். இதற்குச் சொற்பொழிவு என்று பெயரிடுவதே பொருந்தும். சொற்பொழிவும் நல்லதுதான். ஆனால் அதனைப் பட்டறை என்று அழைப்பது அச்சொல்லுக்கு இழைக்கும் அநீதியாகும்.

பட்டறை என்றதும் தமிழர் மனத்தில் எழுவது கொல்லனின் உலைக்களம். அங்கே இரும்பு ஒரே சூட்டில் அரிவாள் ஆவதில்லை. காய்ச்சி, அடித்து, மீண்டும் உலையிலிட்டு, மீண்டும் அடித்துத்தான் வடிவம் கொள்கிறது. எழுத்துப் பயிற்சிக்கு ‘பயிலரங்கு’ என்ற சொல் இருந்தும் மக்கள் ‘பட்டறை’யையே எடுத்துக்கொண்டது நல்ல தேர்வு.

‘மரம்’ என்ற தலைப்பில் மாணவர் என்ன எழுதுவர்? மரம் நிழல் தரும், கனி தரும், மழை தரும், ஆகவே மரம் வளர்ப்போம் என்று எழுதுவர். இதில் அவர்களைக் குறைகூற இடமில்லை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை எனத் தேர்வுக்கு எழுதிப் பழகிய கை, கவிதை எழுதச் சொன்னாலும் அதே தடத்தில்தான் ஓடும். அதற்கு மேல் எதுகை மோனை என்னும் ஆசை வேறு. ‘மரம்’ என்று முதலடி தொடங்கினால் ‘வரம்’, ‘கரம்’, ‘தரம்’ ஆகிய மூன்றும் வரிசையில் வந்து நின்றுவிடும். அவை வந்தபின் மாணவர் கண்ட மரத்துக்கு அங்கே இடமிராது. பள்ளியின் சுற்றுச்சுவரை விரிசலாக்கிக்கொண்டு நிற்கும் அரசமரம், குளிர்காலத்தில் மஞ்சள் நிறமாகிக் கொட்டும் இலைகளைக் காவலாளி குவித்துத் தீ மூட்டும் காட்சி, அந்தப் புகையின் மணம் ஆகியவற்றை அந்த மாணவர் நாள்தோறும் காண்கிறார். அவை எழுதத் தக்கவை என்று அவரிடம் எவரும் கூறியதில்லை.

வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதனுடன் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. அவர்கள் வீட்டில் கேட்கும் தமிழ் ஒன்று, பாடநூலில் படிக்கும் தமிழ் மற்றொன்று. தமிழ்நாட்டில் வளரும் மாணவருக்கு இவ்விரண்டுக்கும் இடையே கடைப்பலகை, பேருந்தின் பெயர்ப்பலகை, நாளிதழ், சுவரொட்டி எனப் பல படிகள் உள்ளன. அவற்றில் கால்வைத்துப் பேச்சிலிருந்து எழுத்துக்கு ஏறிவிடலாம். நாக்பூரிலோ இந்தூரிலோ வளரும் மாணவருக்கு அப்படிகள் இல்லை. வீட்டுக்கு வெளியே கண்ணில் படும் எழுத்தெல்லாம் தேவநாகரியும் ஆங்கிலமுமே. ஆகவே தமிழைக் கேட்டால் புரிந்துகொள்வோர் பலர், பேசுவோர் அவர்களிற் சிலர், படிப்போர் அவர்களினும் சிலர், தாமாக ஒரு பக்கம் எழுதுவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர் என்ற நிலை உருவாகிறது. பெற்றோர் தலைமுறையில் எழுத்தாக இருந்த மொழி, பிள்ளைகள் தலைமுறையில் பேச்சாகி, அடுத்த தலைமுறையில் தொலைபேசியில் பாட்டியிடம் கூறும் நான்கு சொற்களாகச் சுருங்குவதைப் பல குடும்பங்களில் காணலாம். மாணவர் தம் சொந்தச் செய்தியைத் தமிழில் ஒரு பக்கம் எழுதுவது இந்தச் சுருக்கத்துக்கு எதிரான செயல். பட்டறையில் உண்மையாகவே பணயமாக இருப்பது அந்த ஒரு பக்கம்தான்.

அந்தப் பக்கத்தில் எழுதுவதற்குச் செய்தி இல்லையா? நிறைய உண்டு. தமிழ்நாட்டிலேயே வளரும் மாணவர் எவருக்கும் கிட்டாத செய்திகள் அவை. தில்லியிலிருந்து சென்னைக்குத் தமிழ்நாடு விரைவு வண்டியில் இரண்டு இரவுகள் கழிகின்றன. போபாலில் இந்தியில் ஒலித்த தின்பண்ட வணிகரின் குரல் விஜயவாடாவில் தெலுங்காகி, பொழுது விடியும்போது தமிழாகிறது. ஊரில் இறங்கியதும் உறவினர் பிள்ளைகள், “இந்திக்காரி வந்துட்டா” என்று சிரிக்கிறார்கள். திரும்பி வந்து வகுப்பில் அமர்ந்தால் ‘மதராஸி’ என்ற பெயர் காத்திருக்கிறது.

இவற்றினும் கனமான செய்தி ஒன்று உண்டு. புலம்பெயர்ந்த குடும்பங்களில் பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர்கள். காய்கறி வண்டிக்காரர் கூறும் விலையை அம்மாவுக்கும், அம்மா குறைத்துக் கேட்பதை அவருக்கும் மாற்றிச் சொல்வது ஏழு எட்டு வயதிலேயே தொடங்கிவிடும். மருத்துவமனைக்கும் அந்தப் பிள்ளைதான் உடன் செல்கிறது. மருத்துவர் இந்தியில் சொல்கிறார். அம்மா, “என்னடா சொல்றாரு?” என்று முகத்தைப் பார்க்கிறார். சொன்னதில் எதைச் சொல்வது, எதை மென்று விழுங்குவது என்று பதின்மூன்று வயதில் அந்தப் பிள்ளை ஒரு கணத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணத்தை அந்தப் பிள்ளையே எழுதினால்தான் உண்டு. ‘மரம்’ என்ற தலைப்பைத் தந்துவிட்டு எழுத்தாளர் மாலை வண்டி ஏறினால், அது எழுதப்படாமலே போகும்.

வந்து செல்லும் எழுத்தாளர் வகுப்பறையில் என்ன செய்ய இயலும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு முன்மாதிரி காட்டலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கவிஞர் கென்னத் கோக், 1968இல் நியூயார்க் நகரின் அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்றில் கவிதை கற்பிக்கத் தொடங்கினார். ஒவ்வொருவரும் ஒரே ஒரு வரி எழுத வேண்டும். ஒவ்வொரு வரியும் ‘எனக்கு ஓர் ஆசை’ என்ற பொருள்படத் தொடங்க வேண்டும். அதில் ஒரு நிறமும், படக்கதைப் பாத்திரம் ஒன்றும், ஓர் ஊர் அல்லது நாட்டின் பெயரும் இருக்க வேண்டும் என்பது அவர் தந்த முதற்பயிற்சி. எதுகை வேண்டா என்றார். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டா என்றார். பின்னர் அவ்வரிகளைச் சேர்த்து ஒரே கவிதையாக உரக்கப் படித்துக் காட்டினார். பொய் சொல்லும் கவிதை, கனவுக் கவிதை, ‘முன்பு இப்படி இருந்தேன், இப்போது இப்படி இருக்கிறேன்’ என்னும் கவிதை எனப் பயிற்சிகள் தொடர்ந்தன. அந்த அனுபவத்தை அவர் 1970இல் நூலாக வெளியிட்டார். விருப்பங்கள், பொய்கள், கனவுகள் என்பது அந்நூற்பெயரின் பொருள்.

அப்பள்ளியில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் படித்தனர். அவர்களின் வீட்டுமொழி ஸ்பானியம். கோக் ஒருநாள் ஸ்பானியச் சொற்கள் சிலவற்றைக் கரும்பலகையில் எழுதி, அவற்றைக் கலந்து ஆங்கிலக் கவிதை எழுதுமாறு கூறினார். வகுப்பில் அதுவரை குறையாகக் கருதப்பட்ட மொழி அன்று சொத்தாக மாறியது. கோக் கற்பித்தவர்கள் சிறுவர்கள். பதினான்கு, பதினைந்து வயதினர் அவ்வளவு எளிதில் வாய் திறப்பதில்லை. அருகில் இருப்பவர் சிரிப்பாரோ என்ற கூச்சம் அந்த வயதுக்கே உரியது. எனினும், கலந்து எழுத இசைவு தருதல் என்னும் அந்த வழி உயர்நிலை வகுப்புக்கும் பொருந்தும்.

இங்கேதான் தமிழாசிரியர்கள் சிலர் தயங்குவர். ‘கலந்து எழுதலாம் என்று எழுத்தாளர் சொல்லிவிட்டுப் போய்விடுவார், ணகர னகர வேறுபாடும், ரகர றகர வேறுபாடும், ழகரமும் கற்பிக்க ஆண்டு முழுதும் போராடுபவர் யார்?’ என்பது அவர்களின் வினா. நியாயமான வினா. தேர்வில் பிழைக்கு மதிப்பெண் குறையத்தான் செய்யும். ஆயினும் வரிசை என்று ஒன்று உண்டு. முதலில் செய்தி தாளில் இறங்க வேண்டும். பிழை நீக்கம் அடுத்த நாள் நடக்கலாம். முதல் வரியிலேயே சிவப்பு மை விழுந்தால், இரண்டாம் வரியில் மாணவர் தமக்கு நன்றாகத் தெரிந்த சொற்களை மட்டுமே எழுதுவார். அவருக்கு நன்றாகத் தெரிந்த எழுத்துத்தமிழ்ச் சொற்களோ பாடநூலிலிருந்து வந்தவை. மீண்டும் மரம் நிழல் தரும், கனி தரும்.

அயற்சொல் பற்றிய அச்சமும் மிகையானது. வடஇந்தியக் குளிரில் ‘ரஜாய்’க்குள் சுருண்டு படுக்கும் மாணவர் அதனைப் போர்வை என்று எழுதினால், படிப்பவர் மெல்லிய துணியை நினைப்பார். பஞ்சு திணித்துத் தைத்த அந்தக் கனமும், முதலில் சில்லென்றிருந்து மெல்லச் சூடேறும் இயல்பும் ‘போர்வை’யில் இல்லை. ‘ரஜாய்’ என்றே எழுதி, அது எப்படிப்பட்டது என்று ஒரு வரியில் காட்டிவிட்டால் தமிழுக்கு ஒரு பொருள் சேர்கிறது. ‘சன்னல்’, ‘சாவி’, ‘அலமாரி’ ஆகியவை போர்ச்சுக்கீசியர் வழியாக வந்து தமிழ் வீடுகளில் நிலைத்துவிட்ட சொற்களே. சோம்பலால் நுழையும் அயற்சொல் வேறு, தேவையால் நுழையும் அயற்சொல் வேறு. இரண்டையும் பிரித்தறியும் காது எழுத்தாளருக்கு இருக்கும். அதனை மாணவருக்குப் பழக்குவது அவர் வருகையின் பயன்களுள் ஒன்று.

மற்றொரு பயன் பேச்சுத்தமிழைப் பற்றியது. வீட்டில் பேசும் தமிழை எழுதக் கூடாது என்றே மாணவர் பலர் நம்புகின்றனர். கட்டுரையில் அது கூடாதுதான். கதையில் வரும் மாந்தர் பேச்சுத்தமிழில் பேசுவது தமிழ்ச் சிறுகதைக்குப் பழகிப்போன ஒன்று. புதுமைப்பித்தன் திருநெல்வேலிப் பேச்சைக் கதைகளில் எழுதினார். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரப் பேச்சைக் கதைமொழியாக்கியதோடு நில்லாமல், அவ்வழக்குச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் சிறப்புநிலைப் பேராசிரியராக அழைத்து அமர்த்தியது. அங்கே அவர் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுக்கும் பணியில் ஈடுபட்டார். பட்டம் பெற்றவரிடம் இல்லாத ஒன்று எழுத்தாளரிடம் இருக்கக்கூடும் என்பதைக் கல்வி நிறுவனம் ஒன்று ஏற்றுக்கொண்டதற்கு அது சான்று. வீட்டில் அம்மா பேசும் பேச்சை அப்படியே எழுதிக் காட்டுமாறு எழுத்தாளர் சொன்னால், அன்றுவரை தமிழில் பின்தங்கியவராகக் கருதப்பட்ட மாணவர் முதலில் எழுதி முடிப்பதும் நிகழலாம்.

புலம்பெயர்ந்த தமிழரின் வாழ்வைத் தமிழ் இலக்கியம் அறியாததன்று. ஆதவனின் ‘காகித மலர்கள்’ தில்லியில் நிகழ்கிறது. பணி நிமித்தம் மும்பையில் நெடுங்காலம் வாழ்ந்த நாஞ்சில்நாடன் அந்நகர வாழ்வை எழுதியிருக்கிறார். ஆனால் வெளிமாநிலத்திலேயே பிறந்து, அங்கேயே பள்ளியில் படித்து, தமிழில் எழுத வந்தவர்களுள் முதலில் நினைக்கத் தக்கவர் அசோகமித்திரன். 1931இல் செகந்திராபாத்தில் இரயில்வே ஊழியரின் மகனாகப் பிறந்த அவர், இருபது வயது கடந்த பின்னரே சென்னைக்குக் குடிவந்தார். உருதுவும் தெலுங்கும் ஆங்கிலமும் ஒலித்த தெருக்களில் வளர்ந்த தமிழ் இளைஞனின் கதையே அவருடைய ‘18வது அட்சக்கோடு’. ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த காலத்தின் கலவரத்தை, மட்டைப்பந்து ஆடும் மாணவன் ஒருவனின் கண்வழியே அந்நாவல் காட்டுகிறது. மத்தியப் பள்ளிகளில் தமிழ் படிக்கும் மாணவருக்கு அவர் அயலவர் அல்லர். இரயில்வே குடியிருப்பின் அடுத்த வீட்டு அண்ணனைப் போன்றவர்.

அதே அசோகமித்திரன் 1973இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்குச் சென்று, பல நாட்டு எழுத்தாளர்கள் கூடும் பன்னாட்டு எழுத்துத் திட்டத்தில் பங்கேற்றார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது ‘ஒற்றன்’. எழுத்துப் பட்டறை என்று உலகெங்கும் இன்று வழங்கும் முறைக்குப் பெயர்பெற்ற இடம் அந்தப் பல்கலைக்கழகமே. அங்கே 1936இல் தொடங்கப்பட்ட எழுத்தாளர் பட்டறையில் ஒருவர் எழுதியதை மற்றவர் அனைவரும் முன்னரே படித்து வந்து விவாதிப்பர். எழுதியவர் அதனைத் திருத்துவார். இவ்வாறு இரண்டு ஆண்டுகள் பயில்வர். உலகில் பட்டறை என்று பெயர்பெற்றது இரண்டு ஆண்டு நடக்க, அதன் பெயரைக் கடன் வாங்கிய பள்ளி விழாவோ இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இரண்டு ஆண்டுகளைப் பள்ளியில் எதிர்பார்க்க இயலாது. ஆனால் ஒரே எழுத்தாளர் மீண்டும் வருவது இயலும். அமெரிக்கக் கவிஞர் ஜூன் ஜோர்டன் 1960களின் இறுதியில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், கறுப்பின, போர்ட்டோ ரிக்கோப் பிள்ளைகளுக்கு ஆசிரியை ஒருவரோடு இணைந்து நடத்திய பட்டறை சனிக்கிழமைதோறும் கூடியது. அவர்கள் எழுதிய கவிதைகள் 1970இல் தொகுப்பு நூலாக வெளிவந்தன. எழுத்தாளர் ஒருவர், ஆசிரியர் ஒருவர், தொடர்ந்து கூடும் நாள் ஒன்று ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்திருந்ததைக் கவனிக்க வேண்டும்.

நேரில் வர இயலாதபோது கடிதம் உண்டு. கோழிக்கோட்டில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய மலையாளக் கவிஞர் குஞ்ஞுண்ணி, மாத்ருபூமி வார இதழின் சிறுவர் பகுதியைக் ‘குட்டேட்டன்’ என்னும் பெயரில் நடத்தினார். எழுதி அனுப்பிய இளையோருக்கு அவர் கடிதம் எழுதி ஊக்குவித்ததைக் கேரளத்தில் இன்றும் நினைவுகூர்வர். தமிழ் எழுத்தாளர் ஒருவர் ஆண்டின் தொடக்கத்தில் ஒருமுறை நேரில் வந்து, பின்னர் மாதம் ஒருமுறை மாணவர் அனுப்பும் பக்கங்களைப் படித்து, ஆளுக்கு நான்கு வரி எழுதி அனுப்பினால் போதும். பன்னிரண்டு மாணவர் என்னும் சிறு எண்ணிக்கை அப்போது குறையாக இராது. முந்நூறு பேருக்கு அவ்வாறு எழுத எவராலும் ஆகாது.

எல்லா எழுத்தாளர்களும் இதற்கு ஏற்றவர் என்று கூறுவதற்கில்லை. மேடையில் மின்னுபவர் சிலர் மாணவர் அருகில் அமர்ந்தால் என்ன செய்வதென்று அறியார். நூல்கள் அதிகம் எழுதாத ஒருவர், மாணவர் எழுதிய ஒற்றை வரியைப் படித்துவிட்டு, ‘அந்தக் காய்கறி வண்டிக்காரர் அப்புறம் என்ன சொன்னார்?’ என்று ஆவலோடு கேட்பார். பள்ளி தேட வேண்டியவர் அவரே. அழைக்கும் முன் ‘எத்தனை விருது பெற்றார்?’ என்று விசாரிப்பதைவிட, ‘பிள்ளைகள் எழுதியதைப் படிப்பாரா?’ என்று விசாரிப்பது நன்று. முதற்பரிசு, இரண்டாம் பரிசு வழங்குவதையும் அன்றைக்கு விட்டுவிடலாம். பரிசு உண்டென்றால் மாணவர் நடுவர் விரும்புவதைத்தான் எழுதுவர்.

எழுத்தாளர் சென்ற மறுநாள் வகுப்புக்கு வருபவர் தமிழாசிரியர். அவர் அந்தத் தாள்களைக் கட்டிப் பேழையில் வைத்துவிட்டு அடுத்த பாடத்தைத் தொடங்கினால், நேற்று நிகழ்ந்தது ஒரு விழா மட்டுமே. தாள்களைத் திருப்பிக் கொடுத்து, எழுத்தாளர் கோடிட்ட வரியை விரித்து எழுதச் சொன்னால் பட்டறை தொடர்கிறது. ணகர னகரத் திருத்தத்துக்கும் இதுவே ஏற்ற நேரம். ‘அம்மாவின் கண்’ என்று எழுத வந்தவர் ‘அம்மாவின் கன்’ என்று எழுதியிருந்தால், இப்போது அவர் அதனைத் தம் அம்மாவுக்காகத் திருத்துவார். திருத்திய பக்கத்தை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுமாறு சொல்லலாம். ஊரில் இருக்கும் பாட்டிக்கு அஞ்சலில் அனுப்பலாம். படிக்கத் தெரியாத பாட்டியாக இருந்தால் தொலைபேசியில் படித்துக் காட்டலாம்.

செலவுக்கும் வழி இல்லாமலில்லை. தில்லி, மும்பை போன்ற நகரங்களில் தமிழ் கற்பிக்கும் பள்ளிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை உள்ளன. அவை சேர்ந்து ஒருவரை ஒரு வாரத்துக்கு அழைத்து, நாளுக்கொரு பள்ளியாக அனுப்பினால் பயணச் செலவு பங்காகிவிடும். தங்குவதற்குத் தமிழ்க் குடும்பங்களின் வீடுகள் இருக்கின்றன. சாம்பார் சாதத்துக்கும் பஞ்சமிராது. பத்தாம் வகுப்பைவிட ஒன்பதாம் வகுப்பே இதற்கு ஏற்றது. கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்று திரும்பிய சூட்டில், இரண்டு இரவு இரயில் பயணம் மாணவர் நினைவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சூலை மாதத்தில் எழுத்தாளரை அழைக்கலாம்.